கடலூர் ரயிலில் போன கருவாட்டுக் குழம்பு

1

எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்று நான் சொல்லிக்கொள்வதில்லை. விழுப்புரம் ஸ்டேஷன் பலகையில் இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அவற்றை வைத்து மற்றதைப் பிடித்தவள். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு காலைப் பொழுது வேண்டும். பிழைகளை மருமகள் செங்கேணி திருத்துகிறாள். விஷயத்தில் கை வைக்க அவளை விடுவதில்லை.

பினாங்குக்கு வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஊரிலிருந்து கடிதம் வந்தால் நான் முதலில் பார்ப்பது உறையின் ஓரத்தைத்தான். யாராவது பிரித்து ஒட்டியிருக்கிறார்களா என்று தடவிப் பார்ப்பேன். யுத்த காலத்தில் வந்த பழக்கம் என்று என் மகன் தணிகாசலம் சொல்வான். அவனுக்குத் தெரியாது. மரக்காணத்தில் பிறந்தவள் நான். கருவாட்டு மூட்டை வாங்கும்போது மேலே இருப்பதை யாராவது பார்ப்பார்களா? அடியில் கைவிட்டு ஒன்றை இழுத்துத்தான் பார்க்க வேண்டும். மனுஷர்களையும் நான் அப்படித்தான் பார்த்து வந்திருக்கிறேன். அதனால் எனக்கு ஒன்றும் நஷ்டம் வந்ததில்லை.

போன திங்கட்கிழமை கடலூரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஊர்க் கடிதம் எதுவானாலும் தணிகாசலம் எனக்கு வாசித்துக் காட்டுவான். இதை மட்டும் நின்றபடியே படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"யாருடா?" என்றேன்.

"கூடப் படிச்சவன்மா. இங்க ஒரு அச்சாபீசுல வேல கெடச்சிருக்குதாம். கப்பல் ஏறணும்னா இங்க இருக்கறவங்க யாராச்சும் ஜாமீன் எழுதித் தரணுமாம்."

"பேரு?"

"ரகுநாதன். உனக்குத் தெரியாதும்மா. எனக்கே அவ்ளோவா பழக்கமில்ல."

சொல்லிக்கொண்டே வேட்டி நுனியை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். நாலு வயதில் வெல்லம் திருடிய நாளிலிருந்து அவன் பொய் சொல்லும்போது செய்வது அது. அந்தப் பெயர் எனக்கு நன்றாகத் தெரியும். தெரியும் என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது.

ஜாமீன் தாளோடு இரண்டு தரம் சர்க்கார் ஆபீசுக்குப் போய் வந்தான். முதல் தரம் கொடுத்தது வேறு நிறத் தாளாம், செல்லாதாம். இரண்டாம் தரம் ஒரு இடத்தை நிரப்பாமல் விட்டிருந்தானாம், திருப்பி விட்டார்கள். அந்த வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் வேலை வேறொருவருக்குப் போய்விடுமாம். நிரப்பாத இடத்தில் என்ன கேட்டிருக்கிறார்கள் என்று மருமகளைப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். 'இவரை உமக்கு எத்தனை வருஷமாகத் தெரியும், எவ்விதப் பழக்கம்' என்று கேட்டிருந்ததாம்.

புதன்கிழமை வரைக்கும் அந்த இடம் வெள்ளையாகவே கிடந்தது.

2

அந்தப் புதன்கிழமை நடந்ததையும் சொல்ல வேண்டும். அது நடக்காவிட்டால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

இங்கே சந்தையில் சீனர் கடையில்தான் கருவாடு. பாதி மலாய், பாதி கைஜாடை என்று பேசி வாங்குகிறேன். கடைக்காரர் எதைக் கேட்டாலும் "மாசின், மாசின்" என்பார். மாசிக் கருவாட்டைச் சொல்கிறார் என்று இரண்டு வருஷம் நினைத்திருந்தேன். உப்பாக இருக்கும், ஊற வைத்துக்கொள் என்று பாவம் எச்சரித்திருக்கிறார். அவர் நம்மை ஏமாற்றப் பார்க்கிறார் என்று அவர் தராசையே பார்த்துக்கொண்டு நின்றதில் எனக்கு அது ஏறவில்லை.

அன்றைக்குச் செங்கேணி அதை ஊற வைக்க மறந்துவிட்டாள். குழம்பை நாக்கில் வைத்தேன், கடல் தண்ணீர் தோற்றது. தணிகாசலம் பக்கத்தில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராகி இத்தனை வருஷமாகியும் ஏதோ பரீட்சைக்குத் தபாலில் படித்துக்கொண்டிருக்கிறான். திட்டு விழப் போகிறது என்று மருமகள் கதவோரம் நின்றாள். அவன் தலை நிமிராமல், "இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு காலத்தில் இவனைப் பிடிக்க நான் உப்பை வைத்துத்தான் பொறி வைத்தேன். உப்பு கூடினால் மனுஷன் முகம் சுளிப்பான், சுளிக்காவிட்டால் தின்றவன் அவனில்லை என்று கணக்குப் போட்டேன். இப்போது பார்த்தால், புத்தகம் பக்கத்தில் இருந்தால் இவன் உப்பளத்தையே தின்பான்.

நான் பிடித்தது உண்மையைத்தான். ஆனால் பிடித்த வழி தப்பு. அது இத்தனை வருஷம் கழித்துத் தெரிகிறது.

3

விழுப்புரத்தில் என் வீட்டுக்காரர் லோகோ ஷெட்டில் கரி அள்ளினார். மகனுக்கு ஏழு வயதிருக்கும்போது போய்விட்டார். அதற்குப் பிறகு நான் கருவாட்டுக் கூடைக்காரி. என் தம்பி முனுசாமிக்குத் திண்டிவனம் சந்தையில் கருவாட்டுக் கடை. மரக்காணத்திலிருந்து வண்டியில் அவனுக்குச் சரக்கு வரும். சனிக்கிழமைதோறும் ரயிலேறிப் போய் நான் என் கூடைக்கு எடுத்து வருவேன். அவன் மகள்தான் செங்கேணி.

தணிகாசலம் பள்ளிப் படிப்பை முடித்ததும், பெரிய வாத்தியார் சிபாரிசில் கடலூர்க் காலேஜில் சம்பளம் கட்டாமல் படிக்க இடம் கிடைத்தது. காலை பாசஞ்சரில் போய்ச் சாயங்காலம் திரும்புவான். எங்கள் தெருவிலிருந்து காலேஜுக்குப் போன முதல் கால் அவனுடையது. அந்தப் பெருமையை நான் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. கூடையைச் சுமக்கும்போது கழுத்தை இன்னும் கொஞ்சம் நேராக வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

முதல் சில மாதம், "காலேஜுக்குக் கருவாடு வேணாம்மா, வண்டியில மூக்கப் பொத்திக்கிறாங்க" என்பான். புளிச்சோறும் துவையலும் கொடுத்தனுப்பினேன். ஐப்பசியில் ஒரு நாள், "நாளைக்குக் கருவாட்டுக் கொழம்பு வெச்சிக் குடும்மா" என்றான். மறுநாளும் கேட்டான். அதற்கு மறுநாளும்.

பெற்றவள் ஆசையாகத்தானே செய்து போட வேண்டும்? எனக்குச் சந்தேகம்தான் வந்தது. மூக்கைப் பொத்துகிறார்கள் என்று சொன்னவனுக்குத் திடீரென்று என்ன வந்தது?

அதே வண்டியில் கடலூருக்குப் பூ விற்கப் போகும் அஞ்சலை வந்து சொன்னாள். "யக்கா, ஒன் புள்ள சோத்துத் தூக்கத் துண்டுல கட்டி சன்னல் கம்பியில வெளிய தொங்க வுட்டுக்கினு வருது. பூக்கூடைய நான் எங்க கொண்டுபோயி வெக்கிறது? சாமிக்கே கருவாட்டு வாசன அடிக்கிது போ!"

எங்கள் வீட்டில் ஒரு கட்டு உண்டு. மீன் முள்ளை எங்கேயும் எறியக் கூடாது, யார் காலிலாவது ஏறும். தூக்கின் மூடியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். தணிகாசலம் அதைத் தவறாமல் செய்தான். அதில்தான் அகப்பட்டான்.

முள்ளைப் பார்த்தால் தின்ற வாயை நான் சொல்லிவிடுவேன். எங்கள் குடியில் பிறந்தவன் வாளைக் கருவாட்டைத் தின்றால் முள் சீப்பு மாதிரி முழுசாக நிற்கும். மூடியில் இருந்தது கோழி கிளறிய குப்பை. பாதிச் சதை முள்ளிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. சில துண்டுகளை மென்று, பயந்து துப்பியிருந்தது. அன்று சாயங்காலமே அதே வாளையை அவனுக்கு வீட்டில் போட்டேன். முள் சீப்பாக நின்றது.

என் சோற்றை வேறு யாரோ தின்கிறார்கள். அதுவும் மீன் தின்னத் தெரியாத யாரோ.

4

"பொம்பளதான்க்கா," என்றாள் அஞ்சலை. அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை.

"நீ பாத்தியா?"

"பாத்தாத்தானா? கறியும் மீனும் துன்னாத வூட்டுப் பொண்ணா இருக்கும். அதுங்களுக்குத்தான் முள்ளு எடுக்கத் தெரியாது."

ஞாயிற்றுக்கிழமை அவன் துணி துவைக்கப் போயிருந்தபோது அவன் பெட்டியைத் திறந்தேன். மூடியின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது, எல்லாம் இங்கிலீஷ். ஈரத் துணி வைத்துப் பதமாக உரித்து எடுத்துக்கொண்டு, ஸ்டேஷனில் புத்தகக் கடை வைத்திருந்தவரிடம் போனேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்துச் சொன்னார்.

"இன்ன மணிக்கு இன்ன பாடம்னு எழுதி வெச்சிருக்காம்மா புள்ள. ரயில்ல போற நேரத்துக்கும் எழுதி இருக்கு, வர்ற நேரத்துக்கும் எழுதி இருக்கு. பன்னெண்டுலேர்ந்து ஒண்ணு வரைக்கும் பாடம் இல்ல. ஆர்னு ஒரே ஒரு எழுத்து. தெனமும் அதேதான்."

"ஆருன்னா?"

"யாரு பேரோட மொத எழுத்தோ."

அடியில் இன்னும் இரண்டு வரி இருந்தது. அதையும் அவர் சொன்னார். 'புரியாததைப் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். இந்த வகுப்பில் புத்தகம் இல்லாதவன் நான் ஒருவன். மார்க்கில் அது தெரியக் கூடாது.'

அது என் காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. திரும்பும் வழியெல்லாம், கூட வந்திருந்த அஞ்சலை பெயர்களை அடுக்கிக்கொண்டு வந்தாள். ராஜாமணி, ரஞ்சிதம், ராதாபாய். எனக்கு ஒவ்வொருத்திக்கும் ஒரு முகம் தெரிந்தது.

தாளைப் பழையபடி ஒட்டி வைத்தேன். மறுநாளிலிருந்து மூன்று நாள் குழம்பில் இரண்டு கை உப்பை அதிகமாகப் போட்டேன்.

"கொழம்பு எப்டிடா இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சும்மா," என்றான் மூன்று நாளும். மூன்று நாளும் வேட்டி நுனி மடிந்து பிரிந்தது. அதற்குப் பிறகும் நான் உப்பைக் குறைக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை திண்டிவனத்தில் தம்பியிடம் கொட்டிவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். முனுசாமி தராசைக் கீழே வைத்தான்.

"இதுக்குத்தான்க்கா அன்னிக்கே தலப்பாடா அடிச்சிக்கினேன். படிப்பாம் படிப்பு! பங்குனியில பரீட்சன்ற. அதுக்குள்ள எவளயாச்சும் இஸ்துக்கினு வந்து நிக்கப் போறான். என் பொண்ணு இன்னா, கடையில தொங்கற கருவாடா, அவன் வந்து எடுக்கற வரிக்கும் காஞ்சிக்கினு கெடக்க?"

"பாக்காத ஒண்ண எப்டிடா சொல்றது?"

"போய்ப் பாரு. நான் வந்து ஒன் வூட்ல ஒக்காந்திருக்கறேன். பாத்துட்டு ஒரு வார்த்த சொல்லு, போதும். பொய்யி இருந்தா அன்னிக்கே பொட்டியத் தூக்கிக்கினு வந்து கடையில ஒக்கார்றான். இல்லன்னா நான் இனிமே வாயே தொறக்கல."

அவன் உள்ளங்கையில் அடித்துக் கொடுத்தேன். என் பிள்ளையின் படிப்பு என் ஒரு வார்த்தையில் வந்து நின்றது. என் தம்பி என்னை நம்பினான். அக்கா பொய் சொல்ல மாட்டாள் என்பது திண்டிவனம் சந்தைக்கே தெரியும்.

5

தணிகாசலம் போன வண்டிக்கு அடுத்த வண்டியில் நான் கடலூர் போனேன். தலையில் கூடை இருந்தது. கூடைக்காரியை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. எந்தத் தெருவிலும் நிற்கலாம், எந்தச் சுவரோரமும் இறக்கி வைக்கலாம்.

பன்னிரண்டு மணி அடித்தது. தூக்கைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு என் மகன் காலேஜ் மதிலைச் சுற்றிக்கொண்டு போனான். பின்புறம் பழைய வண்டிக் கொட்டகை ஒன்று பாதி இடிந்து நின்றது. அதன் மறுபக்கத்துச் சுவரில் நான் சாய்ந்துகொண்டேன். சுவரில் ஒரு செங்கல் பெயர்ந்திருந்தது.

ராஜாமணியும் இல்லை, ரஞ்சிதமும் இல்லை. வெடவெடவென்று ஒரு பையன். சட்டையைக் கழற்றிக் கம்பத்தில் மாட்டிவிட்டு உட்கார்ந்தான். கருவாட்டு வாசனை சட்டையில் ஏறக் கூடாதாம். மார்பில் பூணூல். அதை எடுத்துக் காதில் சுற்றிக்கொண்டு, என் தூக்கைத் திறந்து, என் குழம்பைச் சோற்றில் கவிழ்த்தான். வெங்காயம்கூட அடுப்பேறாத வீட்டுப் பிள்ளை! அவன் தின்ற வேகத்தைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை, புரை ஏறுமே என்றுதான் தோன்றியது.

என் மகன் அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு தடித்த புத்தகம். கையில் பென்சில். பக்கத்தில் காகிதத்தில் ஒரு பிடி மல்லாட்டை. அதுதான் அவன் சாப்பாடு.

"டேய் தணிகாசலம்," என்றான் அந்தப் பையன். "உங்கம்மாவுக்கு உம்மேல என்னடா கோபம்? ஒரு வாரமா உப்பு தொண்டையை அறுக்கறதே!"

"தண்ணி குடிச்சிக்கினு துன்னு. நல்லா இருந்துச்சுன்னு சொல்லிட்டேன், இப்ப போயி எப்டிடா கேக்கறது? கேட்டா நான் துன்னலன்னு தெரிஞ்சிடும்."

"முள்ளு வேற குத்தறது."

"பேசாத ரகு. மணி அடிக்கறதுக்குள்ள இந்த ரெண்டு பக்கம் எறங்கணும்."

"நீதான் இப்படிப் படிக்கற. எனக்கு அதைத் தொறந்தாலே தூக்கம் வர்றது. எங்கப்பா மேஜைமேல அடுக்கி வெச்சுத் தினம் எண்ணிப் பாக்கறார்டா. இல்லேன்னா உனக்கே குடுத்துடுவேன்."

"ராத்திரிக்கு மட்டும் குடேன். காலையில தந்துடறேன்."

"உதை வாங்கணுமா நான்?" என்று அவன் விரலை நக்கினான்.

என் மகன் ஒரு மல்லாட்டையை உடைத்துக் கடலையை வாயில் போட்டான். கண் புத்தகத்தை விட்டு எழவில்லை. புத்தகக் கடைக்காரர் வாசித்துச் சொன்ன அந்த இரண்டு வரி அப்போதுதான் எனக்கு உள்ளே இறங்கியது.

நான் கூடையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

6

வீட்டில் முனுசாமி வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இன்னாக்கா?"

பாதி உண்மையைச் சொல்லியிருந்தாலே போதும், என் பிள்ளையின் பெட்டியைத் தூக்க அவன் எழுந்திருப்பான். அந்தப் பையனின் கதை சாயங்காலமே திண்டிவனம் சந்தையில் சிரிப்பாய்ச் சிரித்திருக்கும். இரண்டு பிள்ளைகளின் படிப்பும் அன்றோடு போயிருக்கும்.

"அவனேதான் துன்றான்," என்றேன். "என் கண்ணால பாத்தேன்."

"அப்ப முள்ளு?"

"அவசர அவசரமா துன்றான். மணி அடிச்சிடும்ல."

அவன் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான். அவனிடம் நான் சொன்ன ஒரே பொய் அது. அந்தப் பொய்யை இப்போது அவன் மகளே எழுத்துப் பிழை பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இதோடு நிறுத்தியிருந்தால் நல்ல தாய் என்று நானே சொல்லிக்கொள்வேன். நிறுத்தவில்லை. இந்தப் பேரத்தில் என் பிள்ளைக்குக் கிடைப்பது போதாது என்று எனக்குப் பட்டது. ஒரு வேளைச் சோற்றுக்கு ஒரு மணி நேரப் புத்தகம் எந்த ஊர் நியாயம்? மறுநாள் உப்பைக் குறைத்தேன். அதற்கு மறுநாள் எறாக் கருவாட்டை வறுத்து வாழை இலையில் தனியாக மடித்து வைத்தேன். பிறகு நெத்திலி, சுறாப் புட்டு. தூக்கில் இன்னொரு அடுக்கு ஏறியது. தணிகாசலம் அதைப் பார்த்தான். ஏன் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பத்து நாளில் முதல் புத்தகம் துண்டில் சுற்றி வீட்டுக்கு வந்தது. மாசியில் மூன்று புத்தகம் எங்கள் வீட்டு மாடத்தில் இருந்தன. அந்த மேஜைமேல் எதை அடுக்கி வைத்து அப்பாவை ஏமாற்றினானோ, தெரியாது. பரீட்சைக்கு இருபது நாள் இருக்கும்போதும் அவை திரும்பிப் போகவில்லை. அவன் எதை வைத்துப் படிப்பான் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியது. தோன்றியும் மறுநாள் விடியலில் எழுந்து எறாவை வறுத்தேன்.

பரீட்சை முடிவு வந்தபோது தணிகாசலம் முதல் வகுப்பு. தெருவே வந்து பார்த்தது.

"ஒன்கூடப் படிச்ச பசங்கல்லாம்?" என்றேன், முறத்தைப் புடைத்துக்கொண்டே.

"எல்லாரும் பாசும்மா. ஒருத்தன் மட்டும் போயிட்டான்."

யார் என்று நான் கேட்கவில்லை.

7

வியாழக்கிழமை காலை ஜாமீன் தாள் மேஜைமேல் கிடந்தது. மறுநாள் கடைசி நாள். தணிகாசலம் பேனாவைத் திறந்தான், மூடினான்.

"அவ்ளோவா பழக்கமில்லாத ஆளுக்கு எப்டிம்மா கையெழுத்துப் போடறது? நாளைக்கு ஒண்ணுன்னா நம்ம தலைமேல வந்து விடியும். முடியலன்னு எழுதிடறேன்."

எனக்கும் சந்தேகம் இருக்கத்தான் செய்தது. இத்தனை வருஷம் கழித்து அவன் ஏன் வருகிறான்? இவனிடம் ஏன் கேட்கிறான்? மனசில் எதையாவது வைத்துக்கொண்டு வருகிறானா? வைத்துக்கொண்டு வந்தால் அது நியாயம்தான். அந்த நியாயம்தான் எனக்குப் பயம்.

"போடுடா," என்றேன். "ஒனக்குப் பழக்கமில்லன்னா போவுது. எனக்குப் பழக்கம்."

"உனக்கா?"

"வாளைக் கருவாட்டக் கோழி கெளர்ற மாதிரி கெளறி வெப்பானே, அவன்தான? பூணூலக் காதுல சுத்திக்கினு?"

பேனா மேஜைமேல் உருண்டது. அவன் அதைப் பிடிக்கவில்லை. செங்கேணிதான் பிடித்தாள்.

"எப்பலேர்ந்து தெரியும்?" என்றான்.

"உப்பக் கொட்டிப் போட்டனே, அந்த வாரத்துலேர்ந்து."

"உப்பா? எப்ப?"

அதுவும் இவனுக்கு நினைவில்லை. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"அப்ப அந்த எறா வறுவல் எல்லாம்..." என்று ஆரம்பித்தவன், பாதியில் நிறுத்தினான். அவன் முகத்தில் கோபம் ஏறியது, பிறகு இறங்கியது. "அவன் பெயிலாயிட்டான்மா. அந்த மூணு பாடத்துலதான் போனான். நான் திருப்பித் தந்திருக்கணும். அவன் கேக்கல, நானும் தரல. அதனாலதான் பழக்கமில்லன்னு சொன்னேன்."

"தரக் கூடாதுன்னுதான்டா நான் வறுத்தேன்."

வெளியே ரிக்‌ஷாக்காரன் யாரோடோ சண்டை போட்டுக்கொண்டிருந்தான். பிறகு தணிகாசலம் பேனாவை வாங்கி அந்த வெள்ளை இடத்தில் எழுதினான். என்ன எழுதினாய் என்று கேட்டேன். 'கல்லூரி நாள் முதல். தன் புத்தகங்களை எனக்குக் கொடுத்தவர்' என்று வாசித்தான். அடியில் கையெழுத்துப் போட்டான். வெள்ளிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தான். இந்தத் தரம் அவர்கள் திருப்பவில்லை.

தை பிறந்ததும் கப்பல். செங்கேணியிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அன்றைக்கு வாளை, இரண்டு தண்ணீரில் ஊற வேண்டும் என்று. அவன் வரட்டும், சாப்பிடட்டும். என் சந்தேகம் சோற்றோடு போய்விடும் என்று நான் சொல்லவில்லை. அவன் கை கழுவ எழுந்த பிறகு இலையில் இருக்கும் முள்ளை நான் பார்ப்பேன். இத்தனை வருஷத்தில் ஏதாவது கற்றுக்கொண்டிருக்கிறானா என்று தெரிந்துவிடும். இல்லையென்றால், மறுநாளிலிருந்து நானே பக்கத்தில் உட்கார்ந்து முள்ளெடுத்துக் கொடுப்பேன்.